முகம் கொடுத்தல்

"இதுக்கு முன்னாடி நாலஞ்சு பேரு எடுத்துட்டுப் போயிருக்காவ. ஒருத்தராவது படத்தைக் கொண்டாந்து காட்டுனாவளா?"

ஆச்சி கோபமாகக் கேட்கவில்லை. மடியில் பீடித்தட்டு. இடது கையில் ஊறவைத்த இலை, வலது கையில் கத்தரி. இலைமேல் தகரத் துண்டை வைத்து அளவு பார்த்து வெட்டிக்கொண்டே, பக்கத்து வீட்டுச் சங்கதி சொல்வதுபோல் சொன்னார். என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. நான் கழுத்தில் கேமராவைத் தொங்கவிட்டபடி தெருவில் நின்றிருந்தேன். தென்காசிக்கும் ஆலங்குளத்துக்கும் இடைப்பட்ட அந்த ஊரில் பாதி வீட்டு நடைகளில் இப்படி ஒரு தட்டும் ஒரு கத்தரியும் இருக்கும். சாரல் தொடங்கிவிட்டால் குற்றாலத்துக்குப் போகிறவர்கள் வழியில் வண்டியை நிறுத்தி இறங்குவார்கள். சுருக்கம் விழுந்த முகம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். நானும் அப்படி ஒரு முகத்தைத் தேடித்தான் போயிருந்தேன். ஆச்சியின் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அன்றைக்குப் படம் எடுக்காமலே திரும்பினேன்.

தமிழில் படத்தை எடுக்கிறோம், பிடிக்கிறோம். இரண்டு வினையும் கேமரா வைத்திருப்பவன் பக்கம் நிற்பவை. முகத்துக்கு நம்மிடம் வேறொரு வினை இருக்கிறது. 'வந்தவங்களுக்கு முகங்கொடுத்துப் பேசு' என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். மனஸ்தாபம் வந்த சொந்தக்காரரைப் பற்றி, 'கல்யாண வீட்டுல பாத்தேன், முகமே கொடுக்கலை' என்பார்கள். முகம் எதிரில் இருப்பவருக்குக் கொடுக்கிற ஒன்று. கொடுக்காமலும் இருந்துவிடலாம். கொடுக்காத முகத்தையும் கேமரா தவறாமல் பதிந்துவிடும், அதுதான் சிக்கல். நொடியில் ஐந்நூறில் ஒரு பங்கு நேரம் அதற்குப் போதும். என் முதல் வருஷத்துப் படங்களில் பெரும்பாலானவை அப்படிப் பதிந்தவை. கூர்மையாக இருக்கின்றன. இமை மயிர் ஒவ்வொன்றும் எண்ணக்கூடியதாகத் தெரிகிறது. ஆளைத்தான் காணோம்.

நாற்பத்தாறு வயதில் பழைய கேமரா ஒன்றும் 50 மி.மீ. லென்ஸ் ஒன்றும் வாங்கி இதில் இறங்கியவன் நான். முகம் எடுக்கத் தொடங்குகிறவர்களுக்கு முதலில் வருகிற பிழைகள் எனக்கும் வரிசையாக வந்தன. அவை திருத்தக் கூடியவை என்பதால் அவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

கேமரா வாங்குவதற்கு முன் செல்போனில் எடுத்துப் பழகினேன். முகம் சட்டம் நிறைய வர வேண்டும் என்று கையை நீட்டி, ஓரடிக்கு நெருங்கி எடுப்பேன். பார்த்தவர்கள் எல்லோரும் 'இது நானா?' என்று கேட்டார்கள். லென்ஸ் முகத்தைக் கெடுக்கிறது என்று நெடுநாள் நினைத்திருந்தேன். கெடுத்தது லென்ஸ் இல்லை, நான் நின்ற இடம். மூக்கு நுனிக்கும் காதுக்கும் நடுவே ஐந்து அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். மூக்கிலிருந்து ஓரடி தள்ளி நின்றால் மூக்கு பன்னிரண்டு அங்குலத்தில் இருக்கும், காது பதினேழில். காதின் அளவுக்கு ஒப்பிட்டால் மூக்கு நாற்பது சதவீதத்துக்குமேல் பெருத்துத் தெரியும். ஆறடி தள்ளிப் போனால் எழுபத்திரண்டுக்கு எழுபத்தேழு. வித்தியாசம் ஏழு சதவீதத்துக்கு இறங்கிவிடும். அந்தத் தூரத்தில் நின்றுகொண்டு, முகம் எவ்வளவு பெரிதாக வேண்டும் என்பதை மட்டும் லென்ஸிடம் விட வேண்டும். முகப் படத்துக்கு 85 மி.மீ. என்று பலரும் சொல்வதன் பொருள் இதுதான். சிறிய சென்சார் கொண்ட என் கேமராவில் 50 மி.மீ. லென்ஸே ஏறக்குறைய அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

பிறகு கவனித்தேன், ஆறடி என்பது நம் ஊர்த் திண்ணையில் இரண்டு பேர் எதிரெதிரே சாய்ந்து உட்கார்ந்து பேசுகிற தூரம். ஒருவர் முகத்தை நாம் ஞாபகத்தில் வைத்திருப்பது அந்தத் தூரத்திலிருந்து பார்த்த முகமாகத்தான்.

வெளிச்சத்திலும் தவறினேன். தென்காசி ஒன்பது டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. சித்திரை பிறக்கிற நாளையொட்டி நடுப்பகலில் சூரியன் அங்கே சரியாகத் தலைக்கு மேல் நிற்கும். அப்படி ஒரு மத்தியானம் தேர் நிற்கிற தெருவில் நாலைந்து பேரை நிறுத்தி எடுத்தேன். எல்லோருக்கும் கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கறுப்புக் குழி. மூக்குக்குக் கீழே மீசைபோல் ஒரு நிழல். அதே ஆட்களை நாலடி நகர்த்தி வீட்டு நடையில் உட்காரவைத்திருந்தால் போதும். மேலே கூரை உச்சி வெளிச்சத்தைத் தடுத்துவிடும். தெருப் பக்கத்திலிருந்து அகலமான வெளிச்சம் முகத்துக்கு நேராக வரும். வெயில் பட்ட தெரு மண்ணே கீழிருந்து கொஞ்சம் வெளிச்சத்தைத் தூக்கிக் கொடுக்கும். நம் பழைய வீடுகளின் திண்ணைகளைக் கட்டினவர்கள் முகத்தை நினைத்தா கட்டினார்கள் என்று கேட்கத் தோன்றும், அவ்வளவு நல்ல வெளிச்சம் அங்கே.

பின்புலம் மங்கலாக இருந்தால் படம் உயர்ந்துவிடும் என்ற நம்பிக்கையும் எனக்கு இருந்தது. எஃப் 1.8-ல் லென்ஸை முழுக்கத் திறந்துவைத்து எடுத்தேன். ஆறடித் தூரத்தில் என் கேமராவில் அந்த அளவுக்குத் தெளிவாக விழுவது மூன்றரை அங்குல ஆழம். அருகில் இருக்கிற கண்ணில் ஃபோகஸ் சரியாக விழுந்தால் காது கரையும், அது பரவாயில்லை. ஆள் பேச்சுவாக்கில் இரண்டு அங்குலம் முன்னே சாய்ந்துவிட்டால் கண்ணே கரைந்துவிடும். எஃப் 4-க்கு வந்தபிறகு எட்டு அங்குலம் கிடைத்தது. மனிதர்கள் மூச்சுவிடவும் தலையசைக்கவும் அந்த எட்டு அங்குலம் வேண்டியிருக்கிறது.

இவ்வளவையும் ஒரு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம். நான் கற்றுக்கொண்டேன். மூக்கு சரியானது, கண் தெரிந்தது, ஃபோகஸ் பிசகவில்லை. ஆனாலும் படத்தில் ஆளைக் காணோம்.

எங்கள் ஊரில் ஸ்டுடியோ வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். எழுபத்தெட்டு வயது. பதினாலு வயதில் ஸ்டுடியோவுக்குத் தண்ணீர் தூக்கப் போனவர், இருட்டறையில் கழுவி, நெகடிவில் பென்சிலால் டச்சிங் செய்து, கடைசியில் சொந்தமாக ஒரு ஸ்டுடியோ போட்டார். இப்போது அந்த இடத்தில் ஜெராக்ஸ் கடை. பழைய மர ஸ்டாண்டு கேமராவை மட்டும் விற்காமல் வீட்டு மச்சில் துணி போர்த்தி வைத்திருக்கிறார். என் படங்களை ஒரு கற்றையாகக் கொண்டுபோய் அவரிடம் கொடுத்தேன். ஒவ்வொன்றையும் சன்னல் பக்கம் திருப்பி நிதானமாகப் பார்த்தார்.

"தம்பி, வெளிச்சமெல்லாம் நல்லாத்தான் பாத்திருக்கீங்க. ஆனா உங்க கேமராவுல ஒரு கோளாறு இருக்கு. எடுக்கும்போது அது உங்க முகத்தை மறைச்சிருது."

எனக்கு முதலில் விளங்கவில்லை. என்னை மச்சுக்குக் கூட்டிப்போய்த் துணியை எடுத்துவிட்டுக் காட்டினார். "இந்தா பாருங்க. கறுப்புத் துணிக்குள்ள தலையை விட்டா, பின்னாடி இருக்குற தேய்ச்ச கண்ணாடியில ஆளு தலைகீழாத் தெரிவாரு. அதுல ஃபோகஸ் வச்சிக்கிருவோம். அப்புறம் பிளேட்டைச் சொருகிட்டோம்னா கேமராவுக்குக் கண்ணு அடைஞ்சு போச்சு. நமக்கு ஒண்ணும் தெரியாது. துணிக்குள்ள இருந்து வெளிய வந்து, கேமரா பக்கத்துல நின்னு, பல்பைக் கையில வச்சிக்கிட்டு அவங்க முகத்தையேதான் பாக்கணும். வேற வழியே கிடையாது. அவங்களும் கேமராவையா பாப்பாங்க? நம்மளைத்தான் பாப்பாங்க."

அந்த மரப்பெட்டிக்கு முன்னால் நின்று நெடுநேரம் யோசித்தேன். பழைய குடும்பப் படங்களில் விறைத்து உட்கார்ந்திருக்கும் தாத்தாக்களின் கண்ணில் ஓர் உறுதி இருக்கிறதே, அது எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு விடை கிடைத்தது போலிருந்தது. அவர்கள் ஒரு மனிதனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவனும் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் விரல் பல்பை அழுத்தியது அந்தப் பார்வைக்கு நடுவில் நடந்த சிறிய காரியம். கேமராவைக் கண்ணோடு ஒட்டிக்கொள்ளும் என் பழக்கத்தில், எதிரில் இருப்பவருக்குத் தெரிவது ஒரு கறுப்பு இயந்திரமும் அதைச் சுற்றிப் பத்து விரல்களும்தான். அவர் யாருக்கு முகம் கொடுப்பார்?

அன்றைக்கே அண்ணாச்சி இன்னொன்றும் செய்தார். என்னை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்தார். என் கேமராவை அந்த மர ஸ்டாண்டின் மேலேயே வைத்துக் கட்டிவிட்டு, எதுவும் பேசாமல் என்னைப் பார்த்தார். கை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. தொடையில் வைத்தேன், கோத்துக்கொண்டேன், பிரித்தேன். நாக்கு வறண்டது. உதட்டில் ஒரு சிரிப்பை நிறுத்திப் பார்த்தேன், அது நிற்கவில்லை. இத்தனை பேரை இந்த நிலையில் நிறுத்தியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உடம்பில் உறைத்தது. "நாடியைக் கொஞ்சம் இறக்குங்க" என்றார். பிறகு, "மூச்சை விடுங்க" என்றார். நான் மூச்சைப் பிடித்துவைத்திருந்ததே எனக்குத் தெரியாது. விட்டதும் தோள் இரண்டும் ஓர் அங்குலம் இறங்கின. அந்த இடத்தில் பட்டனை அழுத்தினார். என்னிடம் இருக்கிற என் படங்களில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான்.

முகம் எடுக்கக் கற்றுக்கொள்கிற எவரும் முதலில் யாராவது நிதானமான ஆளிடம் போய் அரைமணி நேரம் உட்கார வேண்டும் என்று அன்றிலிருந்து எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். லென்ஸ் வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டிய காரியம் இது.

மாலி நாட்டின் பமாக்கோ நகரில் செய்டூ கெய்த்தா என்றொருவர் 1948-ல் ஸ்டுடியோ திறந்தார். வீட்டு முற்றத்தில், பெரும்பாலும் பகல் வெளிச்சத்தில், கட்டிலில் விரிக்கிற பூவேலைத் துணியையே பின்திரையாகத் தொங்கவிட்டு எடுத்தார். ஃபிலிமுக்குச் செலவு அதிகம் என்பதால் ஓர் ஆளுக்கு ஒரே ஒரு படம். அந்த ஒன்றுக்காக உடையைச் சரிசெய்து, தலையைத் திருப்பி, கையை எங்கே வைப்பது என்று பார்த்து, அதன்பின் அழுத்துவார். இன்று உலகத்தின் பெரிய காட்சிக்கூடங்களில் அந்த ஒற்றைப் படங்கள் தொங்குகின்றன. நம் அண்ணாச்சியும் 'ஆளுக்கு ஒரு பிளேட்டு' என்று பழகியவர்தான். நான் ஓர் ஆளை உட்காரவைத்து நூற்றிருபது படம் எடுத்திருக்கிறேன். அத்தனையும் எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் அவரோடு ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

பிந்தி வந்தவர்களுக்குத் துணையாக நான் எப்போதும் நினைத்துக்கொள்கிற பெயர் ஜூலியா மார்கரெட் கேமரன். 1815-ல் கல்கத்தாவில் பிறந்தவர். 1863 டிசம்பரில், நாற்பத்தெட்டு வயதில், மகளும் மருமகனும் அவருக்கு ஒரு கேமராவைப் பரிசாகக் கொடுத்தார்கள். இங்கிலாந்தின் வைட் தீவில் இருந்த வீட்டில் கரி போட்டுவைக்கும் அறை இருட்டறையானது. கண்ணாடி போட்ட கோழிக்கூடு படம் எடுக்கும் இடமானது. கண்ணாடித் தகட்டில் கொலோடியனை ஊற்றி, வெள்ளி நைட்ரேட்டில் முக்கி, ஈரம் காய்வதற்குள் எடுத்துக் கழுவியாக வேண்டிய முறை அது. எதிரில் இருப்பவர் நிமிஷக்கணக்கில் அசையாமல் இருக்க வேண்டும். மனிதர்களால் அப்படி இருக்க முடியாது. மூச்சு விடுவார்கள், கண் இமைப்பார்கள், நினைவு எங்கோ போய்வரும். கேமரனின் படங்களில் அந்த நிமிஷங்கள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கிடக்கின்றன. ஃபோகஸ் சரியில்லை என்று அந்தக் காலத்துப் புகைப்படக்காரர்கள் அவரைக் குறை சொன்னார்கள். கண்ணுக்கு அழகாகத் தெரிந்த இடத்தில் தான் நிறுத்திக்கொண்டதாக அவர் பிற்பாடு எழுதினார். எனக்கு அது வெறும் சாமர்த்தியமான பதிலாகத் தோன்றவில்லை. எதிரில் இருக்கும் மனிதரிடம் மனம் லயித்த இடத்தில் கை தானாக நின்றிருக்கிறது.

அவருடைய முதல் வெற்றி என்று அவரே சொல்லிக்கொண்டது ஆனி ஃபில்பாட் என்ற சிறுமியின் படம். 1864 ஜனவரி 29, மத்தியானம் ஒரு மணிக்கு எடுத்தார். கழுவி, அச்சிட்டு, சட்டமிட்டு, இரவு எட்டு மணிக்குள் அந்தக் குழந்தையின் தகப்பனாரிடம் கொடுத்துவிட்டார். இதையும் அவரே எழுதி வைத்திருக்கிறார். நேரங்களைக் கவனித்தால், ஏழு மணி நேரம். கேமரா கைக்கு வந்து ஒரு மாதத்துக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில், நாற்பத்தெட்டு வயதுக்காரர் ஒருவர், மை காயாத கடிதம்போல் ஒரு முகத்தை அன்றைக்கே உரியவர் வீட்டில் கொண்டு சேர்த்திருக்கிறார். ஆச்சி என்னிடம் கேட்ட கேள்விக்குக் கேமரன் பதில் வைத்திருந்தார்.

ஆனால் அவர் கதை அங்கே முடியவில்லை. முடிகிற இடம் எங்கள் மண்ணோடு சம்பந்தப்பட்டது. 1875-ல் கேமரன் குடும்பம் இலங்கைக்குப் போனது. கணவருக்கு அங்கே காப்பித் தோட்டங்கள் இருந்தன. அந்தக் காப்பித் தோட்டங்களில் கொத்தியும் பறித்தும் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் திருநெல்வேலி, மதுரை, திருச்சிச் சீமைகளிலிருந்து மன்னார் வழியாகக் காடு கடந்து நடந்துபோன தமிழர்கள். 1879 ஜனவரியில் டிக்கோயாவில் இறந்து பொகவந்தலாவையில் புதைக்கப்பட்டார் கேமரன். அதுவரைக்கும் அங்கே அவ்வப்போது படம் எடுத்துக்கொண்டிருந்தார். இன்று எஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவு. அவற்றில் தோட்டத்து ஆட்களும் உள்ளூர்க்காரர்களும் இருக்கிறார்கள். வெளிச்சத்தில் குறையில்லை. இங்கிலாந்தில் டார்வினுக்கும் டென்னிசனுக்கும் கொடுத்த அதே அக்கறையை இந்த முகங்களுக்கும் கொடுத்திருக்கிறார். களுத்துறைக் குடியானவர்கள் என்று ஒரு படம் இருக்கிறது. அதில் இருக்கும் பெண்ணுக்குப் பன்னிரண்டு வயது என்றும், கிழவர் தன்னை அவள் தகப்பன் என்றும் தனக்கு நூறு வயது என்றும் சொல்கிறார் என்றும் குறித்து வைத்திருக்கிறார். வயதைக் கேட்டவர் பெயரைக் குறித்துவைக்கவில்லை.

அந்த இலங்கைப் படங்களின் அச்சுப் பிரதிகளை நான் பல ராத்திரி பார்த்திருக்கிறேன். சேலையைத் தோளைச் சுற்றிக் கட்டிய பெண்ணொருத்தி நேராகப் பார்க்கிறாள். எங்கள் ஊர்ச் சந்தையில் எதிரே வந்தால் 'நல்லாருக்கியாம்மா' என்று கேட்டிருப்பேன், அப்படி ஒரு சாயல். எந்த ஊரிலிருந்து போனாள், யார் வீட்டுப் பெண், எதுவும் தெரியாது. இனித் தெரியவும் போவதில்லை. எனக்குக் கேமரன் மேல் இருக்கிற அன்பு குறையவில்லை. இந்த ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஆனியின் படம் எட்டு மணிக்குள் வீடு சேர்ந்தது. இவளுடைய படம் இவளிடம் போயிருக்குமா?

இந்தப் பெண்ணின் நிறத்திலிருந்து வேறொரு சங்கதிக்கு வருகிறேன். நம் ஊரில் முகம் எடுக்கப் பழகுகிறவர்கள் அதிகம் வழுக்குகிற இடம் அது. கேமராவில் இருக்கும் ஒளிமானி எதைப் பார்த்தாலும் நடுச்சாம்பலாக்கப் பார்க்கும். வெள்ளைச் சுவருக்கு முன்னால் மாநிறத்துக்குக் கீழே இருக்கிற ஒருவரை உட்காரவைத்தால் சுவரைப் பார்த்து மிரண்டு படத்தை இருட்டாக்கிவிடும். அப்போது ஒளியளவை ஒரு படி ஏற்ற வேண்டும். அதே முகம் சட்டம் நிறைய இருந்தால் அதைச் சாம்பலாக்க முயன்று வெளிறவைத்துவிடும். அப்போது இறக்க வேண்டும். பழைய கலர் ஃபிலிமிலும் இந்தத் தொல்லை இருந்தது. கலர் சரியா என்று பார்க்கக் கோடாக் நிறுவனம் லேப்களுக்கு அனுப்பிய 'ஷெர்லி அட்டை'யில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். 1990-களின் நடுவில்தான் பல நிறத்துப் பெண்கள் இருக்கிற அட்டை வந்தது. இப்போது செல்போன்கள் கேட்காமலே தோலை வழித்து வெளுத்துக் கொடுக்கின்றன. ஸ்டுடியோக்களில் இன்றும் 'கொஞ்சம் கலர் ஏத்திரட்டா?' என்று கேட்கிறார்கள். கேட்பவர் நல்லெண்ணத்தோடுதான் கேட்கிறார். உட்கார்ந்திருப்பவர் தலையாட்டும்போது அவர் கண்ணில் ஏதோ ஒன்று தாழ்ந்துபோவதை நான் பார்த்திருக்கிறேன். அதற்கப்புறம் எத்தனை லைட் வைத்து என்ன?

கறுத்த முகத்துக்கு எப்படி வெளிச்சம் வைப்பது என்பதை நான் கற்றுக்கொண்டது கோயில் கருவறையில். கருங்கல். அதன்மேல் தலைமுறை தலைமுறையாக எண்ணெய்க் காப்பு. உள்ளே இரண்டு சரவிளக்கு மட்டும். கல் முழுக்க இருட்டில் கிடக்கும். கன்னமேட்டில், மூக்குத் தண்டில், கீழுதட்டில் மட்டும் ஒளி வழுக்கிக்கொண்டு நிற்கும். அந்த மினுக்கத்தை வைத்துத்தான் முகத்தைப் படிக்கிறோம். தீபாராதனையின்போது குருக்கள் தட்டைச் சுழற்றி மேலே கொண்டுபோகும்போது மினுக்கம் இடம் மாறும். முகம் திரும்பிப் பார்ப்பதுபோல் இருக்கும். வெளுத்த தோலில் நிழல் செய்கிற வேலையைக் கறுத்த தோலில் இந்த மினுக்கம் செய்கிறது. அதனால் வெளிச்சத்தைக் கூட்டுவதைவிட, அகலமான வெளிச்சம் ஒன்றைப் பக்கவாட்டில் கொண்டுவருவது முக்கியம். ஒரு வாசல் கதவு, மேகம் மூடிய வானம், காயப்போட்ட வெள்ளை வேட்டி. அது தோலில் எங்கே வழுக்குகிறது என்று பார்த்துக்கொண்டு நாம்தான் ஓரடி இப்படி அப்படி நகர வேண்டும். கண்ணுக்குள்ளும் அந்த வாசல் சின்னதாக விழும். சிலைக்குக் கடைசியாகக் கண் திறக்கிறார்களே, அதுபோல அந்தப் புள்ளி விழுந்தால்தான் முகம் முகமாகிறது.

சாரல் காலம் இதற்கெல்லாம் வரம். மேற்கே மலையில் மேகம் இறங்கிவிட்டால் வானமே அகலமான ஒரு விளக்கு.

அடுத்த ஆடியில் ஆச்சியின் தெருவுக்குத் திரும்பவும் போனேன். முதல் நாள் கேமராவைப் பையை விட்டு எடுக்கவில்லை. திண்ணையில் ஓரமாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். இரண்டாம் முறை போனபோது, "வெறுங்கையோட வந்து வந்து போறீரே, உமக்கு வேற சோலி இல்லையா?" என்று கேட்டார். மூன்றாம் முறை ஸ்டாண்டைக் கொண்டுபோய் ஆறடியில் ஊன்றினேன். கேமராவை அவர் கண் மட்டத்துக்கு இறக்கி, ஃபோகஸ் வைத்துப் பூட்டிவிட்டு, ஒயர் சுவிட்சைக் கையில் எடுத்துக்கொண்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்தேன். "பீடி சுத்துறதை நிறுத்தட்டுமாய்யா?" என்றார். வேண்டாம் என்றேன்.

கைக்கு வேலை இருக்கும்போது முகம் தன் போக்கில் இருக்கும். இலையில் தூளை வைத்து, விரலால் தடவிச் சமன்செய்து, ஒரு உருட்டு, நூலால் ஒரு சுற்று, முனையை மடக்கி உள்ளே குத்தினால் ஒரு பீடி. இருபத்தைந்து சேர்ந்தால் ஒரு கட்டு. அவர் விரல்கள் கண்ணின் துணையில்லாமல் இதைச் செய்தன. கண்ணுக்கு என்னோடு பேச நேரம் இருந்தது. கல்யாணமாகி வந்த வருஷத்தைப் பற்றிச் சொன்னார். ஒரு வெள்ளத்தைப் பற்றிச் சொன்னார். ஓரிடத்தில் பேச்சு நின்றது. விரல்களும் நின்றன. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். மூச்சை விட்டார். நூற்றிருபத்தைந்தில் ஒரு பங்கு நொடி.

அன்றைக்கு எடுத்தது நாலு படம். கிளம்பும்போது பெயர் கேட்டேன். சொன்னார். "படத்துக்குப் பின்னாடி எழுதிக்கிடும். பொஸ்தகத்துல எல்லாம் போட வேண்டாம்" என்றார். சரி என்றேன். ஆகவே அது இங்கே இல்லை.

எட்டு மணிக்குள் என்னால் முடியவில்லை. ஆறு நாள் ஆனது. ஆறுக்கு எட்டு அங்குலத்தில், பளபளப்பில்லாத காகிதத்தில், பின்னால் பென்சிலால் பெயரும் தேதியும் எழுதி எடுத்துப் போனேன். ஆச்சி முந்தானையில் இரண்டு கையையும் துடைத்துக்கொண்டு ஓரங்களில் பிடித்து வாங்கினார். நிலைப்படிக்குப் போய் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். படத்தைத் தள்ளிப் பிடித்தார், பக்கத்தில் கொண்டுவந்தார், விரலால் தன் கன்னத்துச் சுருக்கத்தைப் படத்தில் தொடாமல் தடவினார். நான் எதுவும் கேட்கவில்லை.

"எங்க அம்மை முகம் எனக்கு இப்ப சரியா ஞாபகமில்லைய்யா" என்றார். கொஞ்சம் கழித்து, "சுவத்துல மாட்ட மாட்டேன். அதுக்கு இன்னும் நாள் கிடக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். டிரங்குப் பெட்டியின் கொண்டி திறக்கிற சத்தம் கேட்டது. சேலைகளுக்கு நடுவே வைத்துவிட்டு வந்து, அடுத்த வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏளா, இங்க வா. இந்த ஐயா சொன்னபடி படத்தைக் கொண்டாந்து குடுத்துட்டாவ. நீயும் ஒண்ணு எடுத்துக்கோ."

இருபத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண் வந்து வாசலில் நின்றாள். செல்போனுக்கு நிற்பதுபோல் தலையை ஒரு பக்கம் சாய்த்து, முடியை ஒதுக்கி, சிரித்து, அந்தச் சிரிப்பை அப்படியே நிறுத்தினாள். நான் ஸ்டாண்டை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தேன்.

"நீங்க தட்டை எடுத்துட்டு வந்து உக்காருங்கம்மா" என்றேன். "அவசரம் ஒண்ணுமில்லை. பேரு என்ன?"

தெருவில் சாரல் விழத் தொடங்கியிருந்தது.